'பாடோ' என்றால் 'இன்னும் இல்லை'

இரண்டு இதழ்களுக்கு முன்னால் ஒரு பதிலில், "ஆப்பிரிக்காவுக்கு ஒரு தடவை வேட்டைக்கு வந்தவர் அத்தோடு விட்டதாக நான் அதிகம் பார்த்ததில்லை" என்று போகிறபோக்கில் எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மேஜையில் ஒரு சாண் உயரத்துக்கு இருக்கின்றன. புதிதாகப் படிக்கிறவர்களுக்காக: தான்சானியாவின் அருஷா நகரில் ஒரு வேட்டை சஃபாரி கம்பெனியில் 1991 முதல் 2013 வரை கணக்கும் லைசென்ஸ் காகிதமும் பார்த்தவன் நான். துப்பாக்கி தூக்கியவன் இல்லை, பில் போட்டவன். என் பதில்களை அந்த அளவுக்கு எடுத்துக்கொண்டால் போதும்.

கேள்வி: பணக்காரர்கள் போகிறார்கள், சுடுகிறார்கள், மறுபடி போகிறார்கள். காசு இருக்கிறது, அவ்வளவுதானே சார்? இதில் ஆராய என்ன இருக்கிறது? (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்)

காசு இருக்கிறவருக்கு உலகத்தில் இடமா இல்லை? ஓர் இடம் பார்த்தாயிற்று என்றால் அடுத்ததுக்குப் போவதுதானே வழக்கம். எங்கள் ஆபீசில் ஒரு கிளையண்டுக்கு ஒரு ஃபைல். முதல் கடிதத்தில் பாதிப் பேர் ஒரே மாதிரி எழுதியிருப்பார்கள்: சின்ன வயசிலிருந்து ஆசை, ஆயுசில் ஒரே ஒரு தடவை, அதனால் எல்லாம் சரியாக அமையவேண்டும் என்று. அந்த 'ஒரே ஒரு தடவை' ஃபைல்கள்தான் கயிறு போதாமல் இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று பிரியும். ஒருத்தர் ஒன்பது சீசன் வந்தார்.

வங்கிக்காரரான உங்களுக்குக் கணக்காகவே சொல்கிறேன். என் காலத்தில் சிங்கத்துக்கு லைசென்ஸ் வேண்டுமென்றால் அங்கே 21 நாள் சஃபாரி எடுத்தாகவேண்டியிருந்தது. நாளைக்குப் பத்து மணி நேரம் காட்டில் என்று வைத்தால் 210 மணி. அதில் துப்பாக்கி வெடிக்கிற நேரத்தையெல்லாம் கூட்டினாலும் ஒரு நிமிஷம் தேறாது. பல்லாயிரக்கணக்கான டாலர் கொட்டிக்கொடுக்கிற மனுஷன் அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் வருகிறான் என்று நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சம்பளப் பணம் எடுத்துக்கொண்டு சீசனுக்கு இரண்டு தடவை முகாமுக்குப் போவேன். தெற்குத் தான்சானியாவின் செலூஸ் காட்டுக்கு அப்படிப் போயிருந்தபோது, டெக்சாஸ்காரர் ஒருத்தர், எலும்பு டாக்டர், ஐந்தாவது தடவையாக வந்திருந்தவர், "எதுக்கு பில் போடுகிறாய் என்று ஒரு நாள் வந்துதான் பாரேன்" என்று கூப்பிட்டார். மறுநாள் விடிவதற்கு முன் லேண்ட் க்ரூசரில் ஏறினோம். முன்னால் வழிகாட்டி வேட்டைக்காரர். அவரை அங்கே பி.ஹெச். (புரொஃபஷனல் ஹன்ட்டர்) என்றுதான் சொல்வார்கள். பின்னால் அரசாங்கத்து கேம் ஸ்கவுட், வேட்டையைக் கண்காணிக்கிற காவலர். அவர் இல்லாமல் வேட்டை கிடையாது. வண்டிக்கு மேலே நின்றுகொண்டு தரையையே பார்த்துக்கொண்டு வந்தவர் தடம் பார்க்கிற பெரியவர். எல்லாரும் அவரை ம்ஸே என்பார்கள். ஸ்வாஹிலியில் மூத்தவர், பெரியவர் என்று அர்த்தம்.

ஓரிடத்தில் அவர் வண்டிக்கூரையைத் தட்டினார். இறங்கிப் பார்த்தால் எனக்கு வெறும் மண். அவருக்கு மூன்று கிழட்டுக் காளை எருமைகள். பனியை மிதித்துக்கொண்டு போன தடமா, தடத்தின்மேல் பனி விழுந்திருக்கிறதா என்று முதலில் பார்த்தார். சாணியைக் கால் கட்டைவிரலால் உடைத்தார். மேலே காய்ந்த ஆடை, உள்ளே பச்சை. சுண்டுவிரலை விட்டுச் சூடு பார்த்தார், எங்கள் பாட்டி பிள்ளைக்குப் பால் ஆறிவிட்டதா என்று பார்ப்பாளே, அதே விரல், அதே முகம். அப்புறம் சட்டைப்பையிலிருந்து ஒரு குட்டித் துணிமூட்டையை எடுத்து ஒரு உதறு உதறினார். உள்ளே அடுப்புச் சாம்பல். வெள்ளைப் புகை மாதிரி கிளம்பி எங்கள் முகத்தைப் பார்த்து வந்தது. காற்று எருமைப் பக்கமிருந்து வருகிறது, போகலாம் என்று அர்த்தம்.

நடந்தோம். புல் எரிந்த காடு. முழங்கால்வரை கரி. செட்சி ஈ சட்டைக்கு மேலேயே கடிக்கும், அதுவும் நான் விவரம் தெரியாமல் கறுநீலச் சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தேன். அந்த ஈக்கு அதைவிடப் பிடித்த நிறம் கிடையாதாம். ஒன்பது மணி வாக்கில் தடம் பாறையில் மறைந்தது. ம்ஸே ஒரு அரைவட்டம் சுற்றிவந்து, நாலு புல்லைக் காட்டினார். மிதிபட்ட புல் மெதுவாக நிமிர்ந்துகொண்டிருந்தது. நிஜமாகவே, நாங்கள் பார்க்கப் பார்க்க. இப்போதுதான் போயிருக்கிறது. அதற்கப்புறம் யாரும் வாய் திறக்கவில்லை.

வெயில் ஏறினதும் எருமை நிழல் பார்த்துப் படுத்து அசைபோடும். கடைசி நூறு கஜம் குனிந்து, பிறகு தவழ்ந்து. எரிந்த புல்லின் கட்டை உள்ளங்கையில் குத்துகிறது. ம்ஸே கையை உயர்த்தினார். எதிரே ஒரு புதர், அதன் கீழே இருட்டு. நானும் பார்க்கிறேன், பார்க்கிறேன், ஒன்றுமில்லை. இருட்டில் ஒரு காது அசைந்தது. அந்தக் காதைப் பிடித்துக்கொண்டு கொம்பு வந்தது, மூக்கு வந்தது, முழு எருமையே வந்து நின்றது. நாற்பது கஜம் இருக்கும். டாக்டரின் கழுத்து நரம்பு துடிப்பது எனக்குத் தெரிகிறது. அவர் துப்பாக்கியைத் தூக்கவில்லை, காளை படுத்திருக்கிறது, முன்னால் கிளை மறைக்கிறது. எழுந்திருக்கும்வரை காத்திருக்கவேண்டும். எவ்வளவு நேரம் இருந்தோமோ தெரியாது. பிடரியில் ஜில்லென்று ஒரு காற்று பட்டது. உச்சி வெயிலில் காற்று சுழலும். அவ்வளவுதான். எருமை முதுகிலிருந்த உண்ணி தின்னும் குருவி கிறீச்சென்று கத்திக்கொண்டு பறந்தது, மரம் முறிகிற சத்தம், புழுதி, வெறும் புதர்.

எனக்கு அழுகை வராத குறை. இத்தனை நடையும் போச்சே! "முடிந்ததா?" என்று ம்ஸேயைக் கேட்டேன். "பாடோ" என்றார். இன்னும் இல்லை. உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மறுபடி தடத்தை எடுத்தார். சாயங்காலம் நாலரைவரை நடந்தும் சுடக் கிடைக்கவில்லை.

அன்று ராத்திரி தீயைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் டாக்டர் மாதிரி சந்தோஷமாக இருந்தவர் யாருமில்லை. ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கப் போனேன். தேதி போடவேண்டும். இன்றைக்கு என்ன தேதி என்று என்னையே கேட்டார். கிழமையும் தெரியவில்லை. எனக்கு நாள்தான் பில். பதினான்காவது நாள் என்று சொன்னேன். சிரித்துவிட்டுச் சொன்னார்: ஆஸ்பத்திரியில் ஒரு முட்டியைத் திறந்துகொண்டிருக்கும்போதே அடுத்த முட்டியின் நினைப்பு ஓடுமாம், இன்றைக்குக் காலையிலிருந்து அடுத்த குளம்படிக்கு அந்தப் பக்கம் எதையுமே நினைக்கவில்லையாம்.

இரண்டு நாள் கழித்து அவருக்கு ஒரு காளை கிடைத்தது. சாகிற எருமை கடைசியாக ஒரு முறை நீளமாக அலறும். அந்த அலறலுக்காகத்தான் பி.ஹெச். காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பார், அது வராமல் கிட்டே போகக்கூடாது. வந்தது. அப்புறம் கை குலுக்கல், ரத்தத்தைத் துடைத்து, நாக்கை உள்ளே தள்ளி, முன்னால் இருக்கிற புல்லை ஒடித்துப் போட்டோ. முகாமுக்கு வந்து சேர்ந்தவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து என்னிடம் வந்தார். "அடுத்த ஜூலையில் முதல் இரண்டு வாரம் காலியாக இருக்கிறதா?"

அவர் மட்டுமில்லை. சும்மா திரும்பிய ராத்திரி யாரும் டைரியைக் கேட்டதில்லை. சுட்ட ராத்திரிதான் கேட்பார்கள். எதைத் தேடி வந்தார்களோ அதைத் தங்கள் கையாலேயே முடித்துவிட்ட ராத்திரி அது. இது பிடிபட்ட பிறகு, முகாமுக்குப் போகும்போது அடுத்த சீசன் முன்பண ரசீதுப் புத்தகத்தையும் மறக்காமல் எடுத்துப்போவேன். முதலாளி எனக்கு போனஸ் கொடுத்த ஒரே யோசனை அதுதான்.

கேள்வி: இந்த மோகம் இந்தக் காலத்து ஆட்களுக்கு மட்டுமா, அந்தக் காலத்திலேயே உண்டா? (கல்லூரி மாணவி)

சஃபாரி என்பதே ஸ்வாஹிலியில் பயணம்தான், அரபியிலிருந்து வந்த சொல். நான் சம்பளப் பணம் கொண்டுபோன செலூஸ் காட்டின் பெயரையே பாரம்மா. ஃப்ரெடரிக் செலூஸ் என்ற ஆங்கிலேயர் 1871-ல், 19 வயதில், கையில் 400 பவுண்டோடு தென்னாப்பிரிக்காவில் வந்து இறங்கினார், யானை வேட்டையாட. எத்தனை தடவை ஊருக்குப் போனாலும் திரும்பி வந்துகொண்டே இருந்தார். கடைசியாக வந்தது முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படை அதிகாரியாக. 1917 ஜனவரியில், 65 வயதில், இந்தக் காட்டிலேயே பெஹோ பெஹோ என்ற இடத்தில் ஜெர்மன் படையின் குண்டுக்கு இறந்தார். கல்லறை அங்கேயே இருக்கிறது. வெளிநாட்டுக் கிளையண்டுகள் அங்கே போய்த் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பார்கள். அந்தக் காட்டின் பெரும்பகுதி 2019-லிருந்து நியரேரே தேசியப் பூங்கா.

அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட், பதவி முடிந்த கையோடு 1909-ல் மொம்பாசாவில் வந்து இறங்கினார். மியூசியத்துக்கு மாதிரிகள் சேர்க்கிற பயணம் என்று பெயர். அப்பாவும் பிள்ளை கெர்மிட்டும் சேர்ந்து சுட்டது 512. இதில் 296 அப்பா கணக்கு. என்னை மாதிரி யாரோ ஒரு கணக்குப்பிள்ளை எழுதிவைத்திருக்கவேண்டும், பாவம்.

எனக்குச் சுவாரசியமானவர் அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே. 1933 கடைசியில் முதல் சஃபாரி. நடுவில் சீதபேதி வந்து விமானத்தில் தூக்கிக்கொண்டு போனார்கள். தேறினவர் நேராகக் காட்டுக்கே திரும்பினார். இருபது வருஷம் கழித்து 1953-ல் மறுபடி வந்தபோது, வேலையிலிருந்து ஓய்வெடுத்துப் பண்ணையில் இருந்த பழைய வழிகாட்டி ஃபிலிப் பெர்சிவலையே கேட்டு வரவழைத்தார். எங்கள் ஃபைல்களிலும் இதே கதைதான். இரண்டாம் தடவை வருகிறவர் மிருகத்தின் பெயரை எழுதமாட்டார். "அதே பி.ஹெச்., அதே டிராக்கர், முடிந்தால் அதே கூடாரம்" என்று எழுதுவார். தடம் பார்க்கிற டிராக்கருக்குக் காய்ச்சல் என்றால் பயணத்தையே தள்ளிப்போட்டவர் உண்டு.

கேள்வி: யானை, சிங்கம், சிறுத்தை, காண்டாமிருகம், எருமை. இவற்றை மட்டும் 'பிக் ஃபைவ்' என்கிறார்களே, ஒட்டகச்சிவிங்கி என்ன சின்னதா? (பள்ளி ஆசிரியர்)

உருவத்தை வைத்துச் சொன்னதில்லை. காலால் நடந்து வேட்டையாடினால் ஆளைத் திருப்பி அடிக்கக்கூடிய ஐந்து. வேட்டைக்காரர்கள் வைத்த பெயர். இப்போது காமிராவோடு போகிற சுற்றுலாக்காரர்கள் அதையே டீ-ஷர்ட்டில் போட்டுக்கொள்கிறார்கள்.

கேள்வி: காமிரா எடுத்துக்கொண்டு போனால் இதே சுகம் கிடைக்காதா? (புகைப்படக் கலைஞர்)

சிலருக்குக் கிடைத்திருக்கிறது. 1928-லும் 1930-லும் பிரிட்டிஷ் இளவரசரை வேட்டைக்கு அழைத்துப்போன டெனிஸ் ஃபின்ச் ஹாட்டன், மோட்டார் வண்டியில் உட்கார்ந்துகொண்டு சிங்கத்தைச் சுடுகிற வழக்கத்தை எதிர்த்துப் பத்திரிகைக்கு எழுதியவர், படமெடுப்பதில் இறங்கியவர். என் கண்ணெதிரே காமிராவுக்கு மாறின கிளையண்டும் இருவர் உண்டு.

ஆனால் தம்பி, பூங்காவில் பெரும்பாலும் நீங்கள் வண்டியை விட்டு இறங்கமுடியாது. வண்டிக்குள் இருக்கிற மனுஷனை மிருகம் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. சிங்கம் டயர் நிழலில் வந்து படுத்துத் தூங்கும். இறங்கி நடந்து பாருங்கள், காடு முழுக்க உங்களுக்குப் பதில் சொல்லும். குருவி காட்டிக்கொடுக்கும், காற்று காட்டிக்கொடுக்கும். நடந்து போகிற காமிரா சஃபாரிகள் சில இடங்களில் உண்டு, ஸாம்பியாவின் லுவாங்வா பள்ளத்தாக்கு அதற்குப் பேர்போனது. முதலில் அங்கே போய்வாருங்கள். உங்களுக்கு வேண்டியது அதிலேயே கிடைத்துவிட்டால் ஒரு உயிர் மிச்சம்.

கேள்வி: கொலைக்குக் கணக்கு எழுதிச் சம்பளம் வாங்கிவிட்டு, இப்போது கதை மாதிரி சொல்கிறீர்களே, உங்களுக்கு உறுத்தவில்லையா? (பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

உறுத்தியது. நான் சைவச் சாப்பாட்டுக்காரன், அந்த முகாமில் எனக்கென்று தனிச் சட்டி. ஆனாலும் 22 வருஷம் சம்பளம் வாங்கினேன். இரண்டும் உண்மை.

நீங்கள் கேட்பதை நாடுகளே கேட்டிருக்கின்றன. கென்யா 1977-ல் வேட்டையைத் தடை செய்தது, இன்றுவரை திறக்கவில்லை. தான்சானியா 1973-ல் மூடி 1978-ல் திறந்தது. போட்ஸ்வானா 2014-ல் நிறுத்தி 2019-ல் திரும்பக் கொண்டுவந்தது. 2015-ல் ஜிம்பாப்வேயில் செசில் என்ற சிங்கம் வேட்டையில் செத்தபோது உலகமே கொதித்தது. அந்த மாதிரிக் கொதிப்பு ஒவ்வொன்றுக்கும் நாங்கள் ஒரு பதில் வைத்திருந்தோம்: வேட்டைப் பணம்தான் காட்டைக் காக்கிறது, அது இல்லாவிட்டால் மாடும் கோடாலியும் உள்ளே வந்துவிடும் என்று. அதில் நியாயம் உண்டு. செட்சி ஈ கடிக்கிற, சுற்றுலாக்காரர் எட்டிப் பார்க்காத காட்டுக்கு வேறு யார் காசு கொடுக்கிறார்கள்? ஆனால் கணக்கில் இரண்டு பக்கமும் எழுதவேண்டும். செலூஸ், அதை ஒட்டிய மிகுமி வட்டாரத்து யானைகள் 2009 கணக்கெடுப்பில் சுமார் 39,000. 2013-ல் சுமார் 13,000. தந்தத் திருடர்கள் வேலை. அத்தனை வேட்டை முகாம்களும் எங்கள் பணமும் அங்கே இருந்தபோதே நடந்தது. அந்த வருஷக் கடைசியில்தான் நான் வேலையை விட்டேன். அதற்காகத்தான் விட்டேன் என்று சொன்னால் பொய். வயதாகிவிட்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அங்கே ஒரு சொட்டு ரத்தம் தரையில் விழுந்தால் மிருகத்துக்கு உண்டான கட்டணம் விழுந்துவிடும், அது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். ஒருத்தர் எருமையை வயிற்றில் சுட்டுவிட்டார். மூன்று நாள் தேடினார்கள். ரத்தம் நின்றுபோய், தடம் ஒரு மந்தையோடு கலந்துவிட்டது. பில்லை நீட்டினேன், ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்தார். இவர் இனி வரமாட்டார் என்று ஃபைலை அலமாரியின் அடித்தட்டில் போட்டேன். மறுவருஷம் வந்தார். அதே ஆற்றுப்படுகைக்குத்தான் போகவேண்டும் என்றார். பத்து நாள் அங்கேயே சுற்றிவிட்டு, எதையும் சுடாமல் போய்ச் சேர்ந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. இழுப்பு என்றால் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் என்று சொல்லமுடியாமல் என்னைத் தடுக்கிறவர் அவர்தான்.

கேள்வி: அத்தனை செலவு செய்து எடுத்துப்போகிற கொம்பையும் தோலையும் என்ன செய்வார்கள் ஐயா? (இல்லத்தரசி)

சுவரில் மாட்டுவார்கள் அம்மா. ஆனால் அது லேசில் நடக்காது. தோலை அன்றைக்கே உரித்து, காது மடல், உதடுவரை உள்பக்கம் சீவி, உப்பை வாரி அப்பி நிழலில் காயவைக்கவேண்டும். மண்டையோட்டை வேகவைத்துச் சுத்தம் செய்யவேண்டும். இதில் ஒரு ஓயாத சண்டை. எங்கள் ஆட்களில் முஸ்லிம்கள் நிறைய. உயிர் போவதற்குள் கழுத்தை அறுத்தால்தான் இறைச்சி அவர்களுக்கு ஆகும், கத்தியோடு ஓடுவார்கள். தோள்வரை தோலைப் பாடம் செய்து மாட்டவேண்டுமென்றால் கழுத்தில் வெட்டு விழக்கூடாது, கிளையண்ட் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடுவார். அனுபவசாலி பி.ஹெச். காலையிலேயே பேசித் தீர்த்துவிடுவார்: இன்றைக்கு வரிக்குதிரை சாப்பாட்டுக்கு, குடு மான் சுவருக்கு என்று.

பிறகு லைசென்ஸ், ஏற்றுமதி அனுமதி, மருந்தில் முக்கியெடுத்ததற்கான சான்றிதழ், பெட்டி. போய்ச் சேர மாதக்கணக்கில் ஆகும். ஒரு கிளையண்டின் மனைவி எனக்குத் தனியாகக் கடிதம் போட்டார், எங்கள் வீட்டில் இனிமேல் சுவர் இல்லை, பெட்டியை எவ்வளவு தாமதிக்கமுடியுமோ அவ்வளவு தாமதியுங்கள் என்று. என் பங்குக்கு எதுவும் செய்யத் தேவையிருக்கவில்லை, காகிதம் தானாகவே தாமதிக்கும். பெட்டி வந்ததும் பலர் எழுதுவார்கள். கொம்பின் அளவைப் பற்றி இரண்டு வரி, பெட்டியைத் திறந்ததும் வந்த வாசனையைப் பற்றி ஒரு பக்கம். உப்பும் புகையும் கலந்த அந்த வாசனை எனக்கு நன்றாகத் தெரியும், எங்கள் கிடங்குக்குப் பக்கத்தில்தான் என் மேஜை.

நம் டெக்சாஸ் டாக்டரின் கடைசிக் கடிதத்தோடு முடிக்கிறேன். அதற்குப் பிறகு மூன்று சீசன் வந்தவர், அப்புறம் வரவில்லை. முட்டி டாக்டருக்கே முட்டி போய்விட்டது. சுவரில் எட்டுத் தலை இருக்கிறதாம், அவற்றைப் பற்றி எதுவும் எழுதவில்லை. ம்ஸேயின் சாம்பல் பை ஒன்று கிடைக்குமா என்று கேட்டிருந்தார். ம்ஸேயிடம் சொன்னேன். பழைய சட்டைத் துணியில் புதிதாக ஒன்று முடிந்துகொடுத்தார், முகாம் அடுப்புச் சாம்பல் போட்டு. பழையதைத் தரமாட்டேன் என்றுவிட்டார். எதற்கென்று கேட்டதற்கு, சீசன் முடியவில்லையே என்றார்.

தபால் ஆபீசில் சுங்கப் படிவம் நிரப்பவேண்டும். பொருள்: துணிப்பை, சாம்பல். மதிப்பு என்ற கட்டத்தில் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. ஒரு டாலர் என்று எழுதி அனுப்பிவிட்டேன்.